ஹாட் ராட் கொதிக்கிறதா? பாகம் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே சான் பெர்னார்டினோவிலிருந்து கிளம்பி, கஹோன் கணவாய் ஏறி, எல் மிராஜ் வறண்ட ஏரிக்குப் போனோம். 1937இல் தொடங்கிய எஸ்சிடிஏ என்ற தெற்குக் கலிபோர்னியா வேகப் பந்தய அமைப்பு அந்த ஏரிப்படுகையில் இன்றும் வேகப் பந்தயம் நடத்துகிறது. பழைய காரில் சக்தி கூடிய எஞ்சினை வைத்து வேகத்துக்காகக் கட்டும் ஹாட் ராட் என்பதே இப்படிப்பட்ட கலிபோர்னியா ஏரிப்படுகைகளில் வளர்ந்த கலைதான். என் வண்டிக்கு 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் வடிவில் ஃபைபர் கிளாஸ் பாடி. உள்ளே ஷெவர்லே 350 (கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர்) எஞ்சின். கணவாயின் நீண்ட ஏற்றத்தில் வெப்ப மீட்டரின் முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. ஏரி வாசலில் அனுமதிச் சீட்டு வாங்க வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கே பத்து நிமிடம். முள் 200, 215, 230 என்று ஏறிக்கொண்டே போனது. பிறகு ரேடியேட்டரின் வழிந்தோடும் குழாயிலிருந்து பச்சைத் தண்ணீர் புழுதியில் கொட்டியது.

அடுத்த இரண்டு மாதத்தில் ரேடியேட்டரை மாற்றினேன், வாட்டர் பம்பை மாற்றினேன், சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வை இரண்டு முறை மாற்றினேன். சூடு குறையவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு ஓர் எர்த் ஒயரில். ஏற்றத்தில் சூடாகாத வண்டி நிற்கும்போது சூடாகிறது என்ற ஒன்றே விடை முழுவதையும் சொல்லியிருந்தது. அன்றைக்கு எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. புதிதாக ஹாட் ராட் வாங்கியவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் அந்த இரண்டு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, எஞ்சினைப் பிரிக்கும் வேலை கடைசியில் வரும்படி வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

இந்த வண்டிகள் ஏன் சூடாகின்றன

1932இல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 எஞ்சினின் சக்தி 65 குதிரைத்திறன். அந்த ஒடுக்கமான, உயரமான கிரில்லும் அதன் பின்னால் உள்ள ரேடியேட்டர் இடமும் அந்த 65 குதிரைக்கு அளவெடுத்தவை. இன்று அதே கிரில்லுக்குப் பின்னால் 5.7 லிட்டர் எஞ்சினை வைத்து 300 குதிரைத்திறன் எடுக்கிறோம். அதோடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் சூடு, சிலருக்கு ஏசி கண்டென்சரின் சூடு, எல்லாம் அந்த ஒரே ரேடியேட்டரின் தலையில்.

இன்னொன்றும் இருக்கிறது. கம்பெனி வண்டியில் ஃபேன், புல்லி, பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாலைவன வெயிலில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விற்பார்கள். நம் வண்டியில் எஞ்சின் ஒரு இடத்தில் வந்தது, ரேடியேட்டர் வேறு இடத்தில் வந்தது, புல்லி பழைய பெட்டியில் கிடந்தது. அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு நம்முடையது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். துணி சுற்றித் திறக்கலாம், கால் திருப்பு மட்டும் திறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிறகு மேல் ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் போல் இறுகியிருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால், ஹோஸும் கை பொறுக்கும் சூட்டில் இருந்தால், அப்போது திறக்கலாம்.

ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் தரையில் கொட்டினால் உடனே துடைத்துக் கழுவுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய் நக்கிவிடும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் இதே கவனம் வேண்டும்.

எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவி அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று சுழலலாம். கை வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

முதல் வேலை: உண்மையிலேயே சூடாகிறதா?

மீட்டர் காட்டுவதை அப்படியே நம்பக் கூடாது. ஹாட் ராட்களில் மீட்டர் ஒரு கம்பெனி, சென்சார் இன்னொரு கம்பெனி என்று கலந்திருப்பது சாதாரணம். ஒன்றுக்கொன்று ஜோடியில்லாத சென்சாரும் மீட்டரும் 20, 30 டிகிரி தப்பாகக் காட்டும். சென்சாரின் மறையில் டெஃப்ளான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தாலும் எர்த் சரியாகக் கிடைக்காமல் முள் பொய் சொல்லும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருந்தால் இன்டேக் மேனிஃபோல்டில் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துப்பாக்கி போலப் பிடித்துக் குறிவைத்தால் சூட்டைக் காட்டும் கருவி, விலை அதிகமில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் தெர்மோஸ்டாட் ஹவுஸிங்கில் குறிவையுங்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஹாட் ராட்காரர்கள் அந்த ஹவுஸிங்கைக் குரோம் பூசியோ பாலிஷ் போட்டோ வைத்திருப்பார்கள். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி உண்மையான சூட்டைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதன்மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் குறிவையுங்கள். அதே டேப்பை ரேடியேட்டரின் மேல் தொட்டியிலும் கீழ்த் தொட்டியிலும் ஒட்டிவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

எவ்வளவு என்றால் அதிகம்? 180 டிகிரி, அதாவது 82 செல்சியஸ் தெர்மோஸ்டாட் போட்ட எஞ்சின் 180க்கும் 210க்கும் நடுவே ஓடினால் நிம்மதியாக இருங்கள். 220ஐத் தொட்டு மேலே ஏறிக்கொண்டே போனால், எங்கே நிற்கும் என்று தெரியாவிட்டால், அதுதான் நோய். எஞ்சினை அணைத்த பின் ஐந்து நிமிடத்துக்கு முள் 10, 15 டிகிரி ஏறுவது நோயல்ல. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது இரும்பின் சூடு அதில் இறங்குகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது: எப்போது சூடாகிறது?

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் நினைவில் வைத்திருக்க முடியும் என்றால், இந்தப் பகுதியை வையுங்கள்.

சிக்னலில், நெரிசலில், நிற்கும்போது மட்டும் ஏறி, 40 மைல் வேகம் வந்ததும் இறங்குகிறதா? காற்றுப் பிரச்சினை. ஃபேன், ஃபேனைச் சுற்றியுள்ள கூடு, சூடான காற்று வெளியேறும் வழி ஆகியவற்றைப் பாருங்கள். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) பிந்தியிருந்தாலும் இதே அறிகுறி வரும்.

நெடுஞ்சாலையில் 60, 65 மைலில் மெல்ல மெல்ல ஏறுகிறதா? அந்த வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேனுக்கு வேலையே இல்லை. ஆகவே ஃபேனைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் ஓட்டம் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, ரேடியேட்டர் சிறியது, கீழ் ஹோஸ் உறிஞ்சிக்கொள்வது, கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவு என்று தேடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறுகிறதா, தண்ணீரில் குமிழி வருகிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம்.

புதிதாகப் பிரித்துக் கட்டிய எஞ்சின் என்றால் முதல் சில நூறு மைல்கள் சற்றுச் சூடாகவே ஓடும். ரிங் சிலிண்டரோடு உராய்ந்து பழகும் காலம் அது. 230ஐ நோக்கிப் போகாதவரை பொறுத்துப் பாருங்கள்.

மூன்றாவது: தண்ணீர், மூடி, உள்ளே அடைபட்ட காற்று

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மேல் தொட்டிக் குழாய்கள் மூழ்கியிருக்க வேண்டும். கூலன்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி என்ற கலவை போதும். கூலன்ட் கூடினால் வண்டி நன்றாகக் குளிரும் என்று நினைத்து முழுக்கவும் கூலன்டையே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. கூலன்ட் துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் உறைவதைத் தடுக்கவும் இருக்கிறது.

மூடியின் ரப்பர் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். வெடித்திருந்தால், தடித்துப்போயிருந்தால் மாற்றுங்கள். சின்ன சாமான்தான், ஆனால் செய்யும் வேலை பெரிது. பாதிக்குப் பாதி கலவை, திறந்த பாத்திரத்தில் சுமார் 225 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடிக்கும் மூடியின் கீழ் 265 வரை தாங்கும். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் அந்த 40 டிகிரி பாதுகாப்பும் போய்விடும். மீட்டரில் 225 என்று காட்டும்போதே தண்ணீர் கொதித்து வெளியே வந்தால் முதல் சந்தேகம் மூடிமேல்தான்.

அடுத்தது ஹாட் ராட்களுக்கே உரிய தொல்லை. வண்டியைத் தாழ்த்தி, ரேடியேட்டரையும் தாழ்த்தி வைக்கும்போது எஞ்சினின் தெர்மோஸ்டாட் ஹவுஸிங், ரேடியேட்டர் மூடியைவிட உயரமாகிவிடும். காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் போய் உட்காரும். அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, தெர்மோஸ்டாட்டைச் சூடான தண்ணீர் தொடுவதில்லை, அது திறப்பதும் இல்லை. முன்சக்கரங்களைச் சரிவுப் பலகைமேல் ஏற்றி, மூடியைத் திறந்தபடி ஆறிய எஞ்சினைக் கிளப்பி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும்வரை மெல்ல ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டின் தட்டில் கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, துளை மேலே வரும்படி மாட்டினால் காற்று தானே கசிந்து வெளியேறும். உயர வித்தியாசம் அதிகமென்றால் எல்லாவற்றையும்விட உயரமான இடத்தில் ஒரு தனித் தொட்டி வைத்து, அழுத்த மூடியை அதற்கு மாற்றுவதுதான் நிரந்தர வழி.

நான்காவது: காற்று

நிற்கும்போது சூடாகும் வண்டிக்காரர்கள் இங்கே நிதானமாக இருங்கள். பெரும்பாலான ஹாட் ராட்களின் நோய் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

செய்தித்தாள் ஒரு தாளை எடுங்கள். எஞ்சின் ஐடிலிங்கில், ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது தாளைக் கிரில்லின்மேல் வைத்துக் கையை எடுங்கள். தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். சரிந்து விழுந்தால் ஃபேன் காற்றை இழுக்கவில்லை. தாளை வெளியே தள்ளினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. எலக்ட்ரிக் ஃபேனில் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தாலே அப்படி ஆகும். ரேடியேட்டருக்குப் பின்னால் வைக்க வேண்டிய ஃபேனை முன்னால் வைத்தாலும் ஆகும். இடம் இருந்தால் ஃபேன் பின்னால் இருந்து இழுப்பதே நல்லது. முன்னால் வைத்த ஃபேன், வண்டி ஓடும்போது தானே வரும் காற்றை மறைக்கும்.

தாள் அரைகுறையாக ஒட்டினால் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபேன் ஓடும்போதே, ஃபேனின் பிளக்கிலேயே வோல்டேஜ் பாருங்கள், பேட்டரியில் அல்ல. பேட்டரியில் 14 இருந்து ஃபேனில் 13.5 வந்தால் சரி. என் வண்டியில் பேட்டரியில் 14.1 இருந்தது, ஃபேனில் 10.8தான் வந்தது. கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டேஷ்போர்டுக்குக் கீழே, பாடியில் ஒரு ஸ்க்ரூவில் அழகாக முடுக்கியிருந்தது. பாடி ஃபைபர் கிளாஸ்! மின்சாரம் அதில் எங்கே போகும்? அந்த ஸ்க்ரூவில் இருந்து வைப்பர் மோட்டாரின் மெல்லிய ஒயர் ஒன்று சேஸிஸுக்குப் போயிருந்தது. 18 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் அந்தக் கம்பி வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒயரின் தோல் கொழகொழவென்று இருந்தது. பத்து கேஜ் ஒயரை நேராகச் சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பேட்டரிக்கும் இழுத்தேன். அன்று மாலையே ஃபேனின் சத்தம் மாறிவிட்டது. ஊளையிடுவது போல ஒரு பெரிய சத்தம். தாளை வைத்தேன், கிரில்லின் ஒவ்வொரு கம்பியின் வரியும் தாளில் பதிந்தது.

ஃபைபர் பாடி என்றால் எல்லாவற்றுக்கும் எர்த் தனியாக இழுக்க வேண்டும். இரும்புப் பாடி என்றாலும் பெயின்ட்மேல் முடுக்கிய எர்த் எர்த்தே அல்ல. ஃபேனுக்கு 30 அல்லது 40 ஆம்பியர் ரிலேயும் ஃபியூஸும் போடுங்கள். டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக ஓட்டாதீர்கள். பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலிங்கில் ஃபேனுக்கும் விளக்குக்கும் சேர்த்துக் கரன்ட் தருகிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட்டில் ஓடும் இரும்பு ஃபேன் என்றால் தூரம்தான் முக்கியம். சுற்றிலும் ஷ்ரவுட், அதாவது தகட்டுக் கூடு இல்லாமல், ரேடியேட்டரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிச் சுற்றும் ஃபேன், எஞ்சின் அறையின் காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். கூடு இருந்தால் ஃபேன் இலையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். இலை நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கூடு வைக்கவே இடமில்லை என்றால் ஃபேனை ரேடியேட்டருக்கு ஓர் அங்குலம் வரை நெருக்குங்கள். அதற்கு மேல் நெருக்கினால் திடீர் பிரேக்கில் எஞ்சின் முன்னால் ஆடும்போது இலை ரேடியேட்டரைக் கிழித்துவிடும்.

கிரில் ஷெல்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பக்கவாட்டில் விரல் நுழைகிறதா? காற்றுக்குச் சுலபமான வழி அதுதான். ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் கஷ்டப்பட்டு நுழைவதைவிட அந்தச் சந்தில் நழுவிப் போய்விடும். அலுமினியத் தகடோ ஃபோம் பட்டையோ வைத்து அடையுங்கள். மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை இது.

உள்ளே வந்த காற்று வெளியே போகவும் வேண்டும். பெரிய எஞ்சின், பெரிய எக்ஸாஸ்ட் குழாய், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே அகலமான தீச்சுவர், பக்கவாட்டில் மூடிய பானட் என்றால் காற்று எங்கே போகும்? அந்தக் காலத்து ஃபோர்டு பானட்டின் பக்கங்களில் வரிசையாக உள்ள லூவர் வெட்டுகள் சூட்டை வெளியேற்றுவதற்காகவே இருப்பவை. சோதனை சுலபம். பானட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு அதே தெருவில், அதே நேரத்தில் ஓட்டுங்கள். 10 டிகிரிக்கு மேல் இறங்கினால் லூவர் வெட்டக் கொடுங்கள், அல்லது பக்கத் தகடு இல்லாமலேயே ஓட்டுங்கள். அப்படி ஓட்டுபவர்கள் ஏராளம்.

ஐந்தாவது: தண்ணீரின் ஓட்டம்

நெடுஞ்சாலையில் சூடாகும் வண்டிக்கு இங்கிருந்து தொடங்குங்கள்.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். பானட்டைத் திறந்து, நண்பரை ஆக்சிலரேட்டரை 3,000 ஆர்பிஎம் வரை அழுத்தச் சொல்லி, தள்ளி நின்று ஹோஸைப் பாருங்கள். மென்மையான ஹோஸ் வயிறு ஒட்டுவதுபோல உள்ளே ஒட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை வேகத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது என்று அர்த்தம். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹோஸோ, கெட்டியான ஹோஸோ போடுங்கள்.

பம்ப் எந்தத் திசையில் சுற்ற வேண்டும்? 350 போன்ற ஷெவர்லே சிறிய பிளாக் எஞ்சினுக்கு இரண்டு வகைப் பம்ப் உண்டு. வி பெல்ட் போடும் பழைய எஞ்சினுக்கு ஒரு திசை. 1980களின் பிற்பகுதியில் வந்த ஒற்றை அகலப் பெல்ட் எஞ்சினுக்கு எதிர்த்திசை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். தவறானதை மாட்டினால் தண்ணீர் ஓடும், ஆனால் மிகக் குறைவாக. பம்ப் புல்லியும் கிராங்க் புல்லியும் எவ்வளவு பெரியவை என்று அளந்துகொள்ளுங்கள். பம்ப் புல்லி, கிராங்க் புல்லியைவிடப் பெரிதாக இருந்தால் பம்ப் எஞ்சினைவிட மெதுவாகச் சுற்றும். பந்தய வண்டிக்கு அது சரி, தெருவில் ஓடும் வண்டிக்குச் சரியல்ல.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பு போதும். நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, சமையல் தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 180 என்று பொறித்திருந்தால் 180ஐ ஒட்டி வாய் திறக்க வேண்டும், இன்னும் 15, 20 டிகிரியில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள். ஆனால் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள். "தண்ணீர் வேகமாகப் போனால் ரேடியேட்டரில் ஆற நேரமில்லை" என்று பலர் சொல்வார்கள், அது தவறு. தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வேகமாக ஓடினால் சூடு கூடுதலாகத்தான் கைமாறும். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டியதற்குக் காரணம் வேறு. அது தரும் தடையால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, எக்ஸாஸ்ட் வால்வு ஓரங்களில் ஆவிக் குமிழிகள் ஒட்டுவது குறைகிறது. 160 தெர்மோஸ்டாட் போட்டால் சூடு தீரும் என்பதும் வீண் நம்பிக்கை. அது தண்ணீர் எப்போது ஓடத் தொடங்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ரேடியேட்டருக்குத் திராணியில்லை என்றால் 160இல் தொடங்கினாலும் 230க்குத்தான் போகும்.

ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க, சூடான எஞ்சினை அணைத்துவிட்டு அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தைக் கட்டம் கட்டமாகத் தடவிப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. ஓடும்போது மேல் தொட்டிக்கும் கீழ்த் தொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் மிகப் பெரிது என்றால் தண்ணீர் மெல்ல ஓடுகிறது. வித்தியாசமே இல்லாமல் இரண்டும் சூடு என்றால் காற்று போதவில்லை. இத்தனையும் பார்த்த பிறகுதான் புது ரேடியேட்டருக்குப் பணம் எடுக்க வேண்டும்.

ஆறாவது: நெருப்பு

சூட்டை வெளியேற்றுவதை மட்டும் பார்த்தோம். எஞ்சின் தேவைக்கு மேல் சூடு உண்டாக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டைமிங் பிந்தினால் பெட்ரோல் எரிந்து முடியும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு ஹெட்டுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இறங்கும். 350 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் பிடித்தால், ஐடிலிங்கில் 10 முதல் 14 டிகிரி (இது சூடு அல்ல, கிராங்க் சுழலும் கோணம்), 3,000 ஆர்பிஎம் அளவில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி என்பது நல்ல தொடக்கம். பிறகு எஞ்சினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை முந்த வைக்கும் வேக்கம் அட்வான்ஸை மறுபடி மாட்டுங்கள். அது பந்தயத்துக்கு வேண்டாத சாமான் என்று அடைத்துவிட்டவர்களின் வண்டிகள்தான் சிக்னலில் கொதிக்கின்றன. மேனிஃபோல்டிலிருந்து நேராக வேக்கம் எடுத்துக் கொடுத்தால் ஐடிலிங்கில் டைமிங் முந்தி, சூடு கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம்.

கார்புரேட்டருக்குக் கீழே, இன்டேக் ஓரத்தில் காற்று கசிந்தாலும், பெட்ரோல் வரும் ஜெட் துளை சிறியதாக இருந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

ஏழாவது: யாரும் கேட்க விரும்பாதது

குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து கிளப்பியதும் குமிழி விடாமல் வருகிறதா? ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறமா? ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டது போலச் சுத்தமா? ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். உறுதி செய்ய ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் சோதனைக் குப்பி கிடைக்கும். உள்ளே உள்ள நீல நீர் மஞ்சளானால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

ஷெவர்லே 400 பிளாக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் சேரும் ஆவி மேலே போகப் பிளாக்கில் சிறு துளைகள் உண்டு. 350இன் ஹெட்டை அப்படியே தூக்கி வைத்தால் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். ஹெட்டிலும் கேஸ்கெட்டிலும் அதே இடத்தில் துளை இருக்கிறதா என்று மாட்டும் முன் பாருங்கள்.

ஃபிளாட்ஹெட் வைத்திருப்பவர்களுக்கு

ஃபிளாட்ஹெட் என்றால் வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே உள்ள எஞ்சின். 1932 முதல் 1953 வரை அமெரிக்க ஃபோர்டுகளில் வந்த அந்த வி8 பேரழகு. ஆனால் அதன் எக்ஸாஸ்ட் பாதைகள் பிளாக்கின் நடுவே, தண்ணீரை ஒட்டியே வெளியே போகின்றன. அதனால் சூடு அதன் பிறவிக் குணம். வாட்டர் பம்ப் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒன்று நின்றாலும் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். இரண்டு மேல் ஹோஸையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாக்கின் உள்ளே வார்ப்பு மணலும் பல பத்தாண்டுத் துருவும் களிமண் போலப் படிந்திருக்கும். பிளக் போட்ட துளைகளைத் திறந்து கம்பியால் கிளறி, எதிர்த்திசையில் தண்ணீர் அடித்துக் கழுவுவது ஒரு முழு நாள் வேலை. கழுவக் கழுவச் செந்நிறச் சேறாக வந்துகொண்டே இருக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள். அழுத்தமில்லாத பழைய ரேடியேட்டரில் 15 பிஎஸ்ஐ மூடியைப் போட்டுவிடாதீர்கள், ஈயம் பற்றவைத்த இணைப்புகள் பிரிந்துவிடும். அந்த ரேடியேட்டரில் பம்ப் வேகமாகத் தள்ளும் தண்ணீர் மேல் தொட்டியில் தேங்கி வழிந்தோடும் குழாய் வழியாக வெளியேறும் என்பதால்தான், பழைய ஆட்கள் மேல் ஹோஸுக்குள் துளை போட்ட வாஷர் வைத்து ஓட்டத்தைக் குறைத்தார்கள்.

சரி செய்த பிறகு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே தெரு, ஏறக்குறைய அதே வெயில், 20 நிமிட ஓட்டம், பிறகு 15 நிமிடம் ஐடிலிங். வெளியே உள்ள வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள். 70 டிகிரி நாளில் 190 காட்டும் வண்டி, 100 டிகிரி நாளில் 210க்கும் மேல் போகலாம்.

எர்த் மாற்றிய மறு மாதம் அதே எல் மிராஜ் வரிசையில் நின்றேன். முன்னால் பதினோரு வண்டிகள், நிழல் இல்லை. ஃபேன் ஓடியது, அணைந்தது, மறுபடி ஓடியது. முள் 195க்கும் 205க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்தேன். தண்ணீர் மட்டம் முந்தின நாள் விட்ட இடத்திலேயே இருந்தது.